தலைச்சன் முகம்

மகள் தலைப்பிரசவத்துக்கு வந்து இறங்கிய அன்று தலாத்து கடலை வறுத்துக்கொண்டிருந்தாள். வாசலில் வண்டி நின்ற சத்தம் கேட்டது. மூத்தாள் அசபே முழங்கால் வலியையும் மறந்து, "வந்துட்டாளா, வந்துட்டாளா" என்று ஓடிய சத்தமும் கேட்டது. தலாத்து எழுந்திருக்கவில்லை. சூட்டு மணலில் கடலையைத் துழாவிக்கொண்டே இருந்தாள். ஒரு ஈடு கருகிப் போயிற்று. இத்தனை வருஷம் கடலை வறுத்தவளுக்கு ஈடு கருகுவது சின்ன விஷயம் இல்லை.

"என் ராசாத்தி! பாரு, கன்னமெல்லாம் எப்படி உப்பிக் கெடக்குது. உன் புருஷன் களியும் கறியுமாப் போட்டுல்ல வளத்திருக்கான்" என்றாள் அசபே.

"போம்மா. கால்ல செருப்பே நுழைய மாட்டேங்குது."

"எப்படி நுழையும்? உள்ள இருக்கறது ஆம்பளப் பய. இப்பவே அவன் செருப்புக் கேக்குறான்."

முர்ஜா சிரித்தாள். பிறகு முற்றத்தின் இந்தப் பக்கம் வந்து, அடுப்புக்கு நாலு முழம் தள்ளிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். முக்காடு வயிற்றை மூடியிருந்தது.

"சின்னம்மா, நல்லாருக்கீங்களா?"

தலாத்து நிமிரவில்லை. சட்டியைப் பார்த்தே சொன்னாள்: "வந்தவங்களுக்கு யாராச்சும் தண்ணி குடுங்க."

யாராச்சும் என்று ஒரு ஆள் அந்த வீட்டில் கிடையாது. அசபேதான் கொண்டுவந்து கொடுத்தாள். தலாத்து தன் தலைச்சனோடு பேசுவதென்றால் பதினெட்டு வருஷமாக இப்படித்தான். யாராச்சும் அந்தப் பொண்ணைச் சாப்பிடச் சொல்லுங்க. யாராச்சும் அந்தப் பொண்ணுக்குப் போத்திவிடுங்க. ஹதேஜா பக்கத்து ஊர்களில் எல்லாத் தாயும் இப்படித்தான், இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. தலைச்சனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலோ, நாலு பேர் பார்க்கத் தூக்கிக் கொஞ்சினாலோ வெட்கங்கெட்டவள் என்பார்கள். பால் கொடுக்கும்போதுகூட முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். தலாத்துவுக்கு அப்போது பதினாறு வயது. அந்தச் சுவரில் எத்தனை விரிசல் இருந்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லுவாள். பிள்ளையின் மூக்கு எப்படி இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பால் மறந்ததும் பிள்ளை அசபேயின் அறைக்குப் போயிற்று. அசபேக்குப் பிள்ளை இல்லை, ஆகவே எல்லாருக்கும் அது நியாயமாகவே பட்டது. அடுத்துப் பிறந்த மூன்று பையன்களையும் தலாத்து பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், பெயர் சொல்லித் திட்டினாள், விளக்குமாற்றால் அடித்தாள். முர்ஜாவைத் திட்டக்கூட அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

முர்ஜா வந்த மறுவாரம் கிளினிக்கிலிருந்து நர்ஸ் லுபா வந்தாள். வடக்கேயிருந்து புழுதிக்காற்று வீசும் மாதம். காலையில் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது, உதடெல்லாம் வெடித்துக் கிடக்கும். அக்கம்பக்கத்தில் வாயும் வயிறுமாக இருந்தவர்களும் மாமியார்களும் முற்றத்தில் வந்து உட்கார்ந்தார்கள். முர்ஜா அறையைவிட்டு வெளியே வரவில்லை. தலைச்சன் சுமக்கிறவள் வயிற்றைக் காட்டிக்கொண்டு வருவாளா? தலாத்துவும் போகவில்லை. மகளின் வயிற்றைப் பற்றிப் பேசுகிற இடத்தில் தாய் எப்படிப் போய் உட்காருவது? பாய்த் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்து, அரைத்த கடலை மாவில் வெந்நீர் தெளித்துப் பிசைந்துகொண்டிருந்தாள். பிசையப் பிசைய எண்ணெய் விடும். அந்த வேலைக்குக் கைதான் வேண்டும், காது வேண்டாம். காது தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தது.

"சுண்ணாம்புச் சத்து வேணும். ஆரம்பத்துலேருந்தே வேணும். அது கம்மியாப் போச்சுன்னா ரத்தக் கொதிப்பு சுலபமா வந்துடும். இந்த மாத்திரையத் தினமும் போடணும். முருங்கைக் கீரை, கூக்கா இலைக் குழம்பு, பால், முள்ளோட மெல்லுற பொடிக் கருவாடு, எல்லாத்துலயும் அந்தச் சத்து இருக்கு" என்றாள் லுபா.

"கூக்கா இலைதான் தினம் கொதிக்குதே எங்க வீட்டுல. பெருக்க மரமே மொட்டையாப் போச்சு" என்றாள் அசபே. சிரிப்பு எழுந்தது.

"கொதிக்குது பெரியம்மா. அதுல முக்கால்வாசி யாரு தட்டுக்குப் போகுது?"

"ஆம்பளைங்க தட்டுக்கு."

"புள்ளத்தாச்சி தட்டுக்கு மொதல்ல போடுங்க. கூழ்ல காரக்கல்லை அள்ளிப் போடாதீங்க, அந்த உப்புக்கல்லு கொதிப்பை ஏத்தும்."

"காரக்கல்லு போடாத கம்பங்கூழை மாடு குடிக்குமா?"

"மாடு குடிக்க வேண்டாம், நீங்க குடிங்க. அப்புறம் இதைக் கேட்டுக்கங்க. முகம் வீங்குறது, விடாத தலைவலி, கண்ணுக்குள்ள மின்னுறது, மேல்வயித்துல வலி. இதுல ஒண்ணு வந்தாலும் எனக்குச் சொல்லி அனுப்புங்க. காலையா மாலையான்னு பாக்காதீங்க. வலிப்பு வந்தப்புறம் வந்தா ரெண்டு உசுரும் கஷ்டம்." லுபா பெட்டியிலிருந்து பிரஷர் பார்க்கிற பட்டையை எடுத்தாள். "உங்க மக எங்க?"

"உள்ள இருக்கா. தலைச்சன்ல, வெக்கப்படுறா. அடுத்த தடவை பாத்துக்கலாம்மா."

லுபாவுக்கு மனசில்லை. இரண்டு தடவை கதவுப்பக்கம் போய்க் கூப்பிட்டுப் பார்த்தாள். கதவு திறக்கவில்லை. மாத்திரை அட்டையை அசபே கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அசபே அதைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்தாள். அவ்வளவு பத்திரமாக வைத்தாள், அப்புறம் அதன் நினைப்பே வரவில்லை.

தலாத்து அன்றிலிருந்து தன் பாட்டுக்கு ஒரு காரியம் செய்தாள். பால்காரிகள் சுரைக்குடுக்கையைத் தலையில் வைத்துக்கொண்டு வரும்போது முகப்பறை வாசலிலேயே ஒரு கிண்ணம் தயிர்ப்பால் வாங்குவாள். முருங்கைக் கீரையை அவித்து, வெங்காயம் அரிந்து, தான் பொரித்த கடலைப் பிண்ணாக்கு உருண்டையை நொறுக்கிப் போட்டுப் பிசைவாள். இரண்டையும் முர்ஜாவின் கதவோரம் மூடி வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி அடுப்புக்கு வந்துவிடுவாள். கூழில் காரக்கல் போடுவதையும் நிறுத்தினாள்.

"என்னடி இது, கூழா கழுநீரா?" என்று அசபே கத்தினாள்.

முர்ஜா வெளியே வந்து கிண்ணத்தை எடுப்பாள். "அம்மா, இன்னிக்கும் பாலா? எனக்குன்னு தனியா எதுக்கும்மா?" என்று அசபேயைப் பார்த்துக் கேட்பாள். அசபே, புகுந்த வீட்டார் கொடுத்தனுப்புகிற பால் என்று நினைத்துக்கொண்டு, "குடிடி, குடி. கேள்வி கேக்காத" என்பாள். தலாத்து பிண்ணாக்கை உருட்டி எண்ணெயில் போடுவாள். அது சடசடவென்று பொரியும்.

முருங்கைக் கீரை நல்லதுதான். ஆனால் ஏழு மாதம் கழித்து வந்த கீரை என்ன செய்யும்? புகுந்த வீட்டில் முர்ஜா இருந்த ஏழு மாதமும் யார் தட்டில் என்ன விழுந்தது என்று யாருக்குத் தெரியும்?

அதற்கப்புறம் ஒரு காலை, முர்ஜா நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். தலாத்து பார்த்தாள். மறுநாள் வெயிலுக்கு முகம் கொடுக்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டே கழிப்பிடம் போனாள். அதையும் தலாத்து பார்த்தாள். இமை இரண்டும் ஊறப்போட்ட அவரைக்கொட்டை மாதிரி இருந்தது. தலைப்பிள்ளை சுமக்கிறவள் எனக்கு இங்கே வலிக்கிறது, அங்கே வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லமாட்டாள். அப்படித்தான் வளர்த்திருந்தார்கள். வளர்த்தது சரியாகத்தான் பிடித்திருந்தது.

"இந்த வீட்டுல யாருக்கோ தலைவலி" என்றாள் தலாத்து, கடலையின் தோலை ஊதிக்கொண்டே.

"எனக்குத்தான். உன் சட்டிப் புகையில மண்டை வெடிக்குது" என்றாள் அசபே.

"யாருக்கோ மூஞ்சி வீங்கியிருக்கு."

"அதுவும் நான்தான். கண்ணாடியில பாத்தேன். வயசாகுதுல்ல." அசபே பொக்கைவாயைக் காட்டிச் சிரித்தாள். அவளைக் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது? அவள் அந்தப் பெண்ணின் முகத்தைப் பதினெட்டு வருஷம் உரிமையோடு பார்த்தவள். ஆசை தீரப் பார்த்த கண்ணுக்கு வித்தியாசம் சீக்கிரம் தெரியாது. திருட்டுத்தனமாகப் பார்க்கிறவளுக்கு ஒரு இமை தடித்தாலும் தெரிந்துவிடும்.

மூன்றாம் நாள் விடியலில் புருஷன் தன்லாமி வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சக் கிளம்பினான். பையன்கள் மூவரும் மண்வெட்டியோடு முன்னால் போய்விட்டார்கள். தலாத்து முகப்பறை வரைக்கும் பின்னாலேயே போனாள். ஒருநாளும் அப்படிப் போகிறவள் இல்லை.

"என்ன?" என்றான்.

"அந்த நர்ஸம்மாவை ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொல்லலாம்."

"யாருக்கு?"

தலாத்து மண்சுவரைச் சுரண்டினாள்.

"யாருக்கு முடியல? உனக்கா? மூத்தாளுக்கா? சொன்னாத்தானே தெரியும்."

அவனுக்கும் அது தலைச்சன்தான். அவன் எதிரில் அந்தப் பெண்ணின் வயிற்றைப் பற்றி எப்படி எடுப்பது? வாய்வரைக்கும் வந்தது. பெயர்கூட வேண்டாம், 'உள்ள இருக்கறவளுக்கு' என்று சொன்னால் போதும். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"யாருக்கும் இல்ல" என்றாள்.

"அப்ப என்னத்துக்குக் காலங்காத்தால?" என்று சொல்லிவிட்டு அவன் புழுதிக்குள் போனான். பத்தடிக்கு அப்புறம் ஆளைக் காணோம். தலாத்து அங்கேயே வெகுநேரம் நின்றாள். இரண்டு மனைவிகளும் மூன்று பையன்களும் புருஷனும் மகளும் இருக்கிற வீட்டில், ஒரு வார்த்தையை இறக்கிவைக்க அவளுக்கு ஒரு ஆள் இல்லை.

மறுநாள் காலை முர்ஜா நெருப்புக் கங்கு எடுக்க வந்தாள். தலாத்து அப்போதுதான் எண்ணெய்ச் சட்டியை ஏற்றியிருந்தாள். முர்ஜா குனிந்தாள், நிமிர்ந்தாள். "யாரு இவ்வளவு வெளிச்சம் போட்டது?" என்றாள். வெளிச்சமே இல்லை. சூரியன் புழுதிக்குப் பின்னால் வெள்ளைத் தட்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கையிலிருந்த ஓடு விழுந்து கங்கு சிதறியது. கண் மேலே செருகியது. உடம்பு விறைத்து, வெட்டி வெட்டி இழுத்தது.

எண்ணெய்ச் சட்டியின் பக்கம் அவள் சாய்ந்துவிடாமல் தலாத்து பாய்ந்து பிடித்தாள். கங்கு உள்ளங்காலைச் சுட்டதுகூடத் தெரியவில்லை. பிண்ணாக்குப் பிசைந்த கையோடு மகளைச் சாய்த்து ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். பதினேழு வருஷத்துக்கு அப்புறம் அவளைத் தொட்டது அன்றைக்குத்தான்.

"யா அல்லா! பேய் புடிச்சிருச்சே! ஓதச் சொல்லுங்க, யாராவது பள்ளிவாசல் மாலமைக் கூப்பிடுங்க!" என்று அசபே மார்பில் அடித்துக்கொண்டாள்.

"பேய் இல்ல. வண்டி புடிங்க" என்றாள் தலாத்து.

பக்கத்து வீட்டுக் கழுதை வண்டியில் கிளினிக்குக் கொண்டுபோனார்கள். தன்லாமி தோட்டத்திலிருந்து சேற்றுக்காலோடு ஓடிவந்தான். லுபா பட்டையைச் சுற்றிப் பார்த்தாள், முகம் மாறிற்று. ஊசி போட்டாள். போட்டுக்கொண்டே போனில் டவுனுக்குக் கார் கேட்டாள்.

"தலைவலி எப்ப ஆரம்பிச்சது?" என்று அசபேயைப் பார்த்தாள். டாக்டருக்குச் சொல்ல வேண்டுமே.

"தலைவலியா? அவளுக்குத் தலைவலியே இல்லையேம்மா! நேத்து ராத்திரிகூட என்கூடச் சிரிச்சுக்கிட்டு இருந்தா."

"கண்ணு மங்குச்சா? வயித்துல வலின்னாளா? ஒண்ணுக்கு ஒழுங்காப் போனாளா?"

அசபே விழித்தாள். தன்லாமி தரையைப் பார்த்தான். கதவோரம் முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றவள்தான் பேசினாள்.

"நாலு நாளாச்சு. மொத நாள் காலையில நெத்தியில துணி கட்டினா. மறுநாள் சுவரைப் புடிச்சுக்கிட்டு நடந்தா, வெயிலுக்குக் கண்ணை மூடிக்கிட்டா. முந்தாநாள் மத்தியானம் களி ரெண்டு வாய்தான் தின்னா, வலது விலாவுக்குக் கீழ கையை வச்சு அமுக்கிக்கிட்டே இருந்தா. சாயங்காலம் வாந்தி எடுத்தா, மண்ணைத் தள்ளி மூடிட்டா. ஒண்ணுக்கு நேத்து ரெண்டே தடவைதான் போனா. இடது கை மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழட்டி முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கா. இன்னிக்குக் காலையில வெளிச்சம் அடிக்குதுன்னா. அப்புறம் விழுந்தா."

லுபா எழுதிக்கொண்டே வந்தாள். அசபே வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

"இவளே, இத்தனையும் பாத்துக்கிட்டா இருந்த?"

தலாத்து கதவோரம் இன்னும் ஒதுங்கினாள்.

"அந்தப் பாலு? கீரை?"

தலாத்து லேசாகத் தலையாட்டினாள். அசபே முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "நான் குடுத்ததா நினைச்சுக் குடிச்சாளே, நானும் சும்மா இருந்துட்டேனே" என்று அழுதாள். தன்லாமி ஏதோ கேட்க வாயெடுத்தான். யாருக்கு, யாருக்கு என்று முகப்பறையில் கேட்டது அவனுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். கேட்காமல் விட்டான்.

"நான் குடுத்த கீரையில ஏதாச்சும் தப்பா?" என்று தலாத்து லுபாவிடம் மெல்லக் கேட்டாள்.

"இல்லம்மா, அது வீணில்ல. ஆனா அது முன்கூட்டியே போடுற வேலி. ஆரம்பத்துலேருந்து வேணும். வந்தப்புறம் கீரையால நிறுத்த முடியாது, ஊசியும் ஆஸ்பத்திரியும்தான். நீங்க பாத்ததை மூணு நாள் முன்னாடி எனக்குச் சொல்லியிருந்தா..." லுபா பாதியில் நிறுத்திக்கொண்டாள். நல்ல பெண், நிறுத்தத் தெரிந்தவள். ஆனால் தலாத்து முழுவதையும் கேட்டுவிட்டாள்.

காரில் முர்ஜாவும் லுபாவும் போக இன்னும் ஒரு ஆளுக்குத்தான் இடம். அசபே எழுந்தாள். லுபா, "அவங்க வரட்டும். டாக்டர் கேட்டா அவங்களுக்குத்தான் தெரியும்" என்றாள். வளர்த்தவள் நின்றுகொண்டாள், பெற்றவள் ஏறினாள்.

டவுன் ஆஸ்பத்திரியில் முர்ஜாவைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோனார்கள், லுபாவும் கூடவே ஓடினாள். தலாத்து மட்டும் சீட்டு எழுதுகிற சன்னல் முன்னால் நின்றாள். பின்னால் நீண்ட வரிசை.

"பேரு?" என்றார் எழுதுகிறவர்.

"தலாத்து."

"உங்க பேரு இல்லம்மா. படுத்திருக்கறவங்க பேரு."

தலாத்துவின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"அவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

"மக" என்றாள். அந்தச் சொல்லையும் அவள் அதுவரை சொன்னதில்லை. "என் மக. தலைச்சன்."

அவரும் இந்தப் பக்கத்து ஆள்தான். பேனாவைக் கீழே வைத்தார். வரிசையில் நின்றவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு, காதைச் சன்னலோரம் கொண்டுவந்தார். "மெதுவாச் சொல்லுங்கம்மா. எழுதிட்டு மறந்துடறேன்."

"முர்ஜா" என்றாள். ஒருமுறை சொன்னால் போதும். அவர் எழுதிவிட்டார். ஆனால் தலாத்து நகரவில்லை. "முர்ஜா" என்று மறுபடியும் சொன்னாள். "முர்ஜா, முர்ஜான்னு பேரு." வரிசையில் நின்ற ஒரு கிழவர் திரும்பிப் பார்த்தார். அவர் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்.

பிற்பகலில் வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தார்கள். மாதம் நிறையாத பிள்ளை, பெண். தாய் பிழைப்பாளா என்று அன்றைக்கு யாரும் உறுதி சொல்லவில்லை. மறுநாள் காலை புழுதி கொஞ்சம் அடங்கி வெயில் வந்தபோது, கொதிப்பு இறங்கத் தொடங்கிவிட்டது, கண் விழித்துவிட்டாள் என்று சொன்னார்கள். இன்னும் சில நாள் கண்காணிக்க வேண்டுமாம். முதல் வண்டியில் வந்த யாரோ ஒருவரிடம் அசபே பிளாஸ்கில் கூழ் கொடுத்து அனுப்பியிருந்தாள். மதியத்துக்குள் தானும் வந்துவிடுவதாகச் சொல்லச் சொல்லியிருந்தாள். தலாத்து திறந்து முகர்ந்தாள். காரக்கல் வாடை மூக்கில் ஏறியது. பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு தேறட்டும் என்று கை நிறைய அள்ளிப் போட்டிருக்கிறாள், பாவம். தலாத்து அதைத் தானே குடித்தாள். நேற்றிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

வார்டில் எட்டுக் கட்டில். கட்டிலுக்கு இரண்டு மூன்று பெண்கள், எல்லாரும் நாலும் தெரிந்தவர்கள். நர்ஸ் துணியில் சுற்றிய பிள்ளையைக் கொண்டுவந்தாள். உள்ளங்கை இரண்டையும் சேர்த்து வைத்தால் அடங்கிவிடும் அளவுதான். முர்ஜா பார்த்தாள், உடனே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அரைமயக்கத்திலும் அதை மறக்கவில்லை. சுற்றியிருந்தவர்கள் நல்ல பெண் என்று தலையாட்டினார்கள்.

தலாத்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். பேத்தியைப் பார்க்க எந்த வெட்கமும் தடுக்காது. பார்த்தாள். பிறகு மகளின் முதுகைப் பார்த்தாள். அந்தச் சுவரிலும் ஒரு விரிசல் இருந்தது.

"முர்ஜா" என்றாள்.

முதுகு அசையவில்லை. "யாரு?" என்றாள் முர்ஜா. அந்தக் குரலில் தன் பெயரை அவள் கேட்டதே இல்லை.

"நான்தான். திரும்பு."

"எல்லாரும் பாக்குறாங்க, சின்னம்மா."

"யாரும் பாக்க மாட்டாங்க."

தலாத்து பிள்ளையை மகளின் தோளோரம் கிடத்தினாள். தன் மேல்போர்வையை எடுத்து இரண்டு கையாலும் அகல விரித்து, கட்டிலுக்கும் வார்டுக்கும் நடுவே பிடித்தாள். வார்டில் பேச்சு நின்றது. யாரோ அடேயப்பா என்றார்கள். தலாத்து கட்டிலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள்.

"நானும் பாக்கல. நீ நல்லாப் பாரு."

பின்னால் கட்டில் முனகியது. துணி விலகும் ஓசை கேட்டது. அப்புறம் வெகுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை. திரும்பிப் பார்க்கவேண்டும் என்று தலாத்துவுக்கு உயிர் துடித்தது. திரும்பவில்லை.

"அம்மா" என்றாள் முர்ஜா. "இதுக்கு உங்க மூக்கு."

அசபே வந்துவிட்டாளோ என்று தலாத்து போர்வைக்கு மேலாக எட்டி வாசலைப் பார்த்தாள். வாசலில் யாரும் இல்லை. கை கடுத்தது. அவள் போர்வையை இறக்கவில்லை.